தூதரகத்தில் வேலை, ஊரில் ஓட்டு: படிவம் 3 முதல் எண்ணிக்கை மேசை வரை

வெளிநாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பணிபுரிபவருக்கும், அதே நகரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரியும் இந்தியருக்கும் தேர்தல் என்று வந்துவிட்டால் நிலைமை வேறு வேறு. நிறுவனத்தில் இருப்பவர் படிவம் 6ஏ கொடுத்துப் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஆனால் ஓட்டுப் போட ஊருக்கு வந்து, அசல் பாஸ்போர்ட்டோடு பூத் வரிசையில் நிற்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் இப்படிப் பதிவு செய்திருந்தவர்கள் ஏறக்குறைய 1.2 லட்சம் பேர். நேரில் வந்து வாக்களித்தவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. தூதரக ஊழியருக்கோ வாக்குச்சீட்டு அவர் இருக்கும் நாட்டுக்கே போகிறது. பல லட்சம் பேர் கேட்டும் கிடைக்காத வசதி இது. அது கையில் இருந்தும் ஒரு தவறான முகவரியாலோ, உறை மாறிப் போன ஒரு தாளாலோ ஓட்டு வீணாவதுதான் மனத்தை உறுத்துகிறது. ஆகவே எங்கெங்கே வீணாகிறது, எப்படித் தவிர்க்கலாம் என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 20(8), நான்கு வகையினரைச் சேவைத் தகுதி உடையவர்கள் என்கிறது; இப்படிப் பதிவானவர்களே சேவை வாக்காளர்கள். மத்திய ஆயுதப் படையினர். ராணுவச் சட்டத்தின் விதிகள் பொருந்தும் பிற படையினர். தம் மாநிலத்துக்கு வெளியே பணியாற்றும் மாநில ஆயுதப் போலீசார். நான்காவதாக, இந்திய அரசின் கீழ் இந்தியாவுக்கு வெளியே உள்ள ஒரு பதவியில் இருப்பவர்கள். இந்தக் கட்டுரை நான்காவது வகையினரைப் பற்றியது. தூதரகம், துணைத் தூதரகம், ஐ.நா.வுக்கான நிரந்தரத் தூதுக்குழு போன்ற இடங்களுக்கு டெல்லியிலிருந்து மாற்றலாகிப் போகும் அதிகாரிகள், உதவியாளர்கள், கணக்கர்கள், பாதுகாப்புப் பணியாளர்கள், வேறு அமைச்சகங்களிலிருந்து போகும் வர்த்தக, கல்வி அதிகாரிகள் எல்லாரும் இதில் வருவார்கள். படை வீரர்களும் இதே சலுகையைப் பெறுகிறார்கள், ஆனால் அவர்களுக்குப் படிவம் 2. மாநில ஆயுதப் போலீசாருக்குப் படிவம் 2ஏ. தூதரக ஊழியருக்கு உரியது படிவம் 3. படிவம் மாறிப்போனால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

‘அரசு வேலை’ என்ற சொல்லை நம் ஊரில் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். சட்டம் அப்படிப் பயன்படுத்தவில்லை. பொதுத்துறை வங்கியின் வெளிநாட்டுக் கிளையில் இருப்பவர் இந்திய அரசின் கீழ்ப் பணியாற்றுபவர் அல்லர். அவர் வங்கியின் ஊழியர். மூன்று வாரப் பயிற்சிக்காக வெளிநாடு போன அதிகாரிக்கு அங்கே பதவி எதுவும் இல்லை. முதலாமவருக்குப் படிவம் 6ஏ. இரண்டாமவர் பெயர் உள்ளூர்ப் பட்டியலிலேயே இருக்கும், இருக்கவும் வேண்டும்.

வாழ்க்கைத் துணைக்கும் இந்தச் சலுகை உண்டு, பணியில் இருப்பவரோடு சேர்ந்து வசித்தால். முன்பு சட்டத்தில் ‘மனைவி’ என்றே இருந்தது. அதனால் ஒரு பெண் அதிகாரி வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போனால், கூடவே போன கணவருக்குத் தபால் ஓட்டு கிடையாது. பெண்கள் தூதர்களாகவே இருந்த காலத்திலும் இந்த விதி நீடித்தது பெரிய அநீதி. 2021-இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தம் அந்தச் சொல்லை ‘வாழ்க்கைத் துணை’ என்று மாற்றியது. 2022 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகளின் படிப்புக்காகத் துணைவர் சென்னையிலேயே தங்கிவிட்டால், அவர் சேவை வாக்காளர் ஆக முடியாது. குடியிருக்கும் தெருவின் பட்டியலில்தான் அவர் பெயர் இருக்க வேண்டும்.

பதினெட்டு வயது நிரம்பிய மகனோ மகளோ, உடன் வசிக்கும் பெற்றோரோ சேவை வாக்காளர் வரையறைக்குள் வரமாட்டார்கள். தூதரகக் குடியிருப்பில் ஒரே வீட்டில் இருந்தாலும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சீட்டு வரும், மகளுக்கு வராது. மகளுக்கு வழி படிவம் 6ஏ, பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரி எந்தத் தொகுதியில் இருக்கிறதோ அந்தத் தொகுதியில் பதிவு, ஓட்டு நேரில். தேர்தல் சமயத்தில் விடுமுறைக்கு ஊர் வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது உதவும். பதிவை மட்டும் பயணத்துக்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

இனி படிவம் 3. பார்க்க எளிமையானது: பெயர், பதவி, அலுவலகம், வயது, துணைவர் விவரம், முகவரி. இதில் முகவரிப் பகுதியில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. அங்கே கேட்கப்படுவது நீங்கள் இப்போது வசிக்கும் இடம் அன்று. ‘இந்தப் பணியில் இல்லாதிருந்தால் நான் வழக்கமாக எங்கே வசித்திருப்பேன்’ என்பதே கேள்வி. பெரும்பாலும் அது சொந்த ஊர். சிலருக்கு மாற்றலுக்கு முன் குடும்பத்தோடு நிலையாக வாழ்ந்த நகரமாகவும் இருக்கலாம். இதில் சட்டம் உங்கள் வாக்குமூலத்துக்கு மதிப்புக் கொடுக்கிறது: மாறான சான்று இல்லாதவரை, உரிய முறையில் சரிபார்த்துத் தரப்பட்ட அந்த அறிக்கை உண்மை என்றே ஏற்கப்படும். அப்படியானால் முகவரியைச் சரியாக எழுதும் பொறுப்பும் உங்களுடையதே.

எங்கே தவறுகிறது? தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, தொகுதி மறுவரையறை. 2008-க்குப் பிறகு பல தொகுதிகள் மறைந்துவிட்டன. சேரன்மகாதேவி என்ற சட்டமன்றத் தொகுதி இன்று இல்லை. திருச்செந்தூர், சிவகாசி, கோபிசெட்டிபாளையம், புதுக்கோட்டை என்ற மக்களவைத் தொகுதிகளும் இல்லை. இருபது ஆண்டுக்கு முன் ஊரை விட்டுப் போனவர் நினைவிலிருந்து எழுதினால் பழைய பெயரே பேனாவில் வரும். இரண்டு, மாவட்டப் பிரிப்பு. 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, 2020-இல் மயிலாடுதுறை. பாஸ்போர்ட்டில் ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்று இருக்கும். ஊர் இன்றைக்குத் தென்காசி மாவட்டத்தில் இருக்கும். படிவம் பழைய மாவட்டத்துக்குப் போய், ‘எங்கள் எல்லை அன்று’ என்ற குறிப்போடு திரும்பிவர ஒரு மாதம் ஆகலாம்.

ஆகவே படிவத்தைத் தொடும் முன் ஊரில் இருக்கும் ஒருவரிடம், அதே தெருவில் இப்போது வசிப்பவரின் வாக்காளர் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் சட்டமன்றத் தொகுதியின் எண்ணும் பெயரும் இருக்கும். அதையே எழுதுங்கள். வீட்டு எண் (பழையது, புதியது இரண்டும்), தெரு, குக்கிராமம் என்றால் அது சேர்ந்த ஊராட்சி, அஞ்சல் நிலையம், காவல் நிலையம், தாலுகா, மாவட்டம், பின்கோடு என எதையும் விட்டுவிடாதீர்கள். ‘மேலத்தெரு, அம்பாசமுத்திரம் வட்டாரம்’ என்று மட்டும் எழுதினால் அந்தத் தாலுகாவில் எத்தனை மேலத்தெரு என்று தேட யாருக்கும் நேரம் இருக்காது.

நிரப்பிய படிவத்தை நேராக ஊர்த் தாசில்தாருக்கு அனுப்பக் கூடாது. தூதரகத்தில் இந்த வேலையைக் கவனிப்பவர் வழியாக வெளியுறவு அமைச்சகத்தின் தொடர்பு அதிகாரிக்குப் போக வேண்டும். அவர்தான் நீங்கள் உண்மையில் அந்தப் பதவியில் இருக்கிறீர்கள் என்று சான்றளிப்பவர். அந்தச் சான்று இல்லாத படிவத்தை எந்த வாக்காளர் பதிவு அலுவலரும் ஏற்க முடியாது. அங்கிருந்து அது மாநிலத்துக்கு வந்து, தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலரைச் சேரும். அவர் ஏற்றால் பெயர் அந்தத் தொகுதிப் பட்டியலின் கடைசிப் பாகத்தில் ஏறும். மற்ற பாகங்கள் பூத் வாரியாக இருக்கும்; கடைசிப் பாகத்துக்குப் பூத் கிடையாது. அதனால்தான் வழக்கமான இடத்தில் தேடினால் பெயர் கிடைக்காமல் பலர் பதறுகிறார்கள். சேவை வாக்காளர்களுக்குப் புகைப்பட அடையாள அட்டை வழங்குவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அட்டை வரவில்லையே என்று மறுபடி விண்ணப்பித்துக் குழப்பத்தை உண்டாக்க வேண்டாம்.

மின்னஞ்சல் முகவரியையும் கைபேசி எண்ணையும் அலட்சியமாக எழுதாதீர்கள். வாக்குச்சீட்டு மின்னணு வழியில் வருவதால் அவைதான் உங்கள் அஞ்சல் பெட்டி. இன்னும் சில மாதங்களில் மாறப்போகும் அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விட்டால் சீட்டு பழைய பெட்டியில் கிடக்கும்.

இரட்டைப் பதிவு பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். மாற்றலுக்கு முன் டெல்லியில் பொது வாக்காளராக இருந்திருப்பீர்கள். ஊரில் அப்பா வீட்டு முகவரியிலும் பழைய பெயர் ஒன்று இருக்கலாம். படிவம் 3 ஏறியதும் மூன்று இடத்தில் பெயர். ஒருவர் ஒரு தொகுதிக்கு மேல் பதிவு செய்யக் கூடாது என்கிறது பிரிவு 17; ஒரே தொகுதியில் இரண்டு முறை கூடாது என்கிறது பிரிவு 18. பொய்யான உறுதிமொழிக்குப் பிரிவு 31-இன்கீழ் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அரசு ஊழியருக்கு இது துறை நடவடிக்கையிலும் கொண்டுபோய் விடும். பழைய பெயரை நீக்கப் படிவம் 7 கொடுத்து, ஏற்கப்பட்ட ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். ‘தானாக நீங்கிவிடும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ‘இருந்துவிட்டுப் போகட்டும், லீவில் வரும்போது உதவும்’ என்ற எண்ணம் இன்னும் ஆபத்தானது. வீடு பூட்டியிருந்தால் பொதுப் பட்டியலில் உள்ள பெயருக்கும் உத்தரவாதம் இல்லை. வீடு வீடாக வந்து சரிபார்க்கும் திருத்தப் பணியில் அது எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

எப்போது விண்ணப்பிப்பது? மாற்றலாகிப் போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே. தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு யோசிக்கலாம் என்றிருந்தால் காலம் போதாது. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் கை வைக்க முடியாது. 2024-இல் தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்டது மார்ச் 16. தமிழ்நாட்டில் மனுத்தாக்கல் முடிந்தது மார்ச் 27. இடையில் பதினோரு நாள். வெளிநாட்டிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து தொகுதி என்று படிவம் நகர அது எந்த வகையிலும் போதாது.

இப்போது வாக்குச்சீட்டு. முன்பு சீட்டு போவதும் தபால், வருவதும் தபால். போய்ச் சேர்வதற்குள்ளேயே வாக்கு எண்ணிக்கை முடிந்த கதைகள் ஏராளம். 2016 அக்டோபரில் விதி திருத்தப்பட்டு, காலிச் சீட்டை மின்னணு வழியில் அனுப்பும் முறை வந்தது. அதை முதன்முதலாகச் சோதித்துப் பார்த்தது நம் பக்கத்தில்தான்: 2016 நவம்பரில் புதுச்சேரியின் நெல்லித்தோப்பு இடைத்தேர்தல். 2019 மக்களவைத் தேர்தலில் 18 லட்சம் சேவை வாக்காளர்களுக்கும் இந்த வழியில் சீட்டு போனது; சுமார் 60 விழுக்காடு திரும்பி வந்தது. 2014-இல் அது நான்கு விழுக்காடு அளவில்தான் இருந்தது. ஒரு வழிப் பயணத்தைக் குறைத்ததற்கே இவ்வளவு பலன்.

ஆனால் மின்னணு என்பது போகும் வழிக்கு மட்டுமே. திரும்பி வருவது இன்றும் தாளாகத்தான். சங்கேதமாக்கப்பட்ட கோப்பைப் பதிவிறக்க ஓடிபி தேவை. அதைத் திறந்து அச்சிடப் பின் எண் தேவை. அச்சில் வருபவை: வாக்குச்சீட்டு, உறுதிமொழியான படிவம் 13ஏ, உள் உறைக்கான 13பி, வெளி உறைக்கான 13சி, வழிமுறைகளான 13டி. க்யூஆர் குறியீடுகள் தெளிவாக அச்சாக வேண்டும். எண்ணிக்கை மேசையில் ஸ்கேனர் படிப்பது அவற்றைத்தான். மை தீரும் நிலையிலுள்ள பிரிண்டரில் எடுக்காதீர்கள். குறியீட்டின் மேல் ஒட்டுநாடாவும் ஸ்டேப்ளர் முள்ளும் விழக் கூடாது. இரண்டு பிரதி எடுத்து இரண்டையும் அனுப்பவே கூடாது. ஒவ்வொரு சீட்டும் தனித்தனிக் குறியீடு உடையது என்பதால் இரட்டிப்பு அங்கே பிடிபடும்.

தபால் ஓட்டு உயிர்பிழைப்பதும் மாய்வதும் தாள்களை உறைகளில் இடும் வரிசையில் இருக்கிறது. விரும்பும் வேட்பாளருக்கு எதிரே, அல்லது நோட்டாவுக்கு எதிரே, பேனாவால் தெளிவாக ஒரே ஒரு குறி. கையெழுத்து, பெயர், ‘வாழ்க’ என்று எதுவும் வேண்டாம். ஆளை அடையாளம் காட்டும் எந்த எழுத்தும் சீட்டைச் செல்லாததாக்கும். சீட்டை மடித்து உள் உறையில் இட்டு ஒட்டுங்கள். அதற்குள் வேறு எந்தத் தாளும் போகக் கூடாது. பிறகு கையெழுத்தும் சான்றொப்பமும் இட்ட 13ஏ-வையும், ஒட்டிய உள் உறையையும் வெளி உறையில் வைத்து ஒட்டுங்கள். 13ஏ-வைச் சீட்டோடு சேர்த்து உள் உறையில் வைத்துவிட்டால் கதை முடிந்தது. எண்ணும்போது வெளி உறையைத் திறந்ததும் முதலில் தேடுவது உறுதிமொழியை. அது வெளியே இல்லையென்றாலோ, அதில் கையெழுத்தோ சான்றொப்பமோ இல்லையென்றாலோ, அதிலுள்ள சீட்டின் வரிசை எண்ணும் உள் உறையின் எண்ணும் பொருந்தவில்லையென்றாலோ, உள் உறையைத் திறக்காமலே நிராகரிக்க வேண்டும் என்பது விதி 54ஏ. உள்ளே பழுதில்லாத ஓட்டு இருந்தும் யாரும் பார்க்கப் போவதில்லை.

எண் பொருந்தாமல் போவது எப்படி? கணவனும் மனைவியும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் அச்சிட்டு மடிக்கும்போது. இவருடைய 13ஏ அவருடைய உறைக்குள் போனால் ஒரே தவறில் இரண்டு ஓட்டும் போச்சு. ஒருவர் தம் வெளி உறையை ஒட்டி முடித்த பிறகு அடுத்தவர் தொடங்குவதே பாதுகாப்பு.

சான்றொப்பத்தை யாரிடம் பெறுவது என்பதற்கும் விதி உண்டு. வெளிநாட்டில், அந்நாட்டின் இந்தியத் தூதரோ துணைத் தூதரோ இதற்கென நியமித்த அதிகாரிதான் அதைச் செய்யலாம். பக்கத்து மேசை நண்பர் மூத்த அதிகாரி என்பதால் மட்டும் அவருக்கு அந்த அதிகாரம் வந்துவிடாது. நியமன ஆணை தூதரகத்தில் பிறப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று தேர்தலுக்கு முன்பே கேளுங்கள். சிறிய தூதரகங்களில் இது விடுபட்டுப் போவது இயல்பு. அவர் எதிரில் நீங்கள் 13ஏ-வில் கையெழுத்திட வேண்டும். அவர் தம் கையெழுத்து, பெயர், பதவி, முத்திரை எல்லாம் இட வேண்டும். நீங்கள் யாருக்குக் குறியிட்டீர்கள் என்பதை அவருக்குக் காட்டத் தேவையில்லை, காட்டவும் கூடாது. உள் உறையை முன்பே ஒட்டி எடுத்துப் போவது நல்லது.

சான்றொப்பம் வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் ராதாபுரத்தைப் பார்க்கட்டும். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. 203 தபால் ஓட்டுகள், சான்றொப்பமிட்ட தலைமையாசிரியர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்டிருந்தன. அவை தேர்தல் பணியில் இருந்த ஊழியர்களின் ஓட்டுகள், சேவை வாக்காளர்களுடையவை அல்ல. ஆனால் கேள்வி ஒன்றே: கையெழுத்திட்டவர் உரியவரா? 2019-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. அதற்குள் அந்தச் சட்டமன்றத்தின் காலத்தில் பாதிக்கு மேல் கழிந்துவிட்டது. இப்போது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல்படி, வெற்றி வித்தியாசம் நிராகரிக்கப்பட்ட தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால் அவற்றை எல்லாம் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது நேரம். எண்ணிக்கை தொடங்கக் குறித்த நேரத்துக்குள், வழக்கமாகக் காலை 8 மணி, உறை தேர்தல் நடத்தும் அலுவலரின் கையில் இருக்க வேண்டும். அஞ்சல் முத்திரைத் தேதி எதுவாக இருந்தாலும் பயனில்லை. இறுதி வேட்பாளர் பட்டியல் வந்த பிறகே சீட்டு உருவாகும் என்பதால், மனு வாபஸ் நாளிலிருந்து எண்ணிக்கை நாள் வரை உள்ள இடைவெளிதான் உங்கள் கையிருப்பு. அது தேர்தலுக்குத் தேர்தல் பெரிதும் மாறும். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் வாபஸ் மார்ச் 30, எண்ணிக்கை ஜூன் 4: 66 நாள். 2021 சட்டமன்றத் தேர்தலில் மார்ச் 22 முதல் மே 2 வரை: 41 நாள். 2024 விக்கிரவாண்டி இடைத்தேர்தலில் ஜூன் 26 முதல் ஜூலை 13 வரை: வெறும் 17 நாள். இடைத்தேர்தல் என்றால் சீட்டு வந்த அன்றே வேலையை முடித்தால்தான் உண்டு.

தூதரகத்திலிருந்து உறைகள் வழக்கமாகத் தூதரகப் பை (தூதரகத்தின் முத்திரையிட்ட அஞ்சல் பை) மூலம் டெல்லி வந்து, அங்கிருந்து இந்திய அஞ்சலில் ஏறும். பை எந்தெந்த நாளில் புறப்படுகிறது என்று பை பிரிவில் முன்கூட்டிக் கேட்டு, அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். உறை டெல்லியிலிருந்து தொகுதிக்கு வர ஆகும் நாட்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பையைத் தவறவிட்டால் அடுத்த பை எண்ணிக்கைக்குப் பிறகு வந்து சேரலாம். மேலே சொன்ன மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்களும் கோட்டைவிடும் இடம் இது.

பதிலாள் மூலம் ஓட்டுப் போடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அது ஆயுதப் படையினருக்கும், ராணுவச் சட்டம் பொருந்தும் படையினருக்கும் மட்டும் 2003-இல் தரப்பட்ட வசதி. ஊரிலிருக்கும் பதிலாள் பூத்துக்குப் போய் அவருக்காக வாக்களிப்பார். மை இடது கை நடுவிரலில் வைப்பார்கள், அவருடைய சொந்த ஓட்டுக்கு ஆள்காட்டி விரல் இருக்கிறதே. தூதரக ஊழியருக்கு இந்த வழி இல்லை. ஏன் இல்லை என்பதற்கு எனக்கு நியாயமான காரணம் எதுவும் தெரியவில்லை. பை மாதத்தில் ஓரிரு முறை மட்டுமே போகும் நாட்டில் இருப்பவருக்கு எல்லையில் இருக்கும் வீரருக்குள்ள அதே இடைஞ்சல்தான். சட்டத்தைத் திருத்தும்போது இதையும் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தேர்தல் சமயத்தில் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தால் பூத்தில் போய் ஓட்டுப் போட்டுவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். கடைசிப் பாகத்தில் இருப்பவருக்குத் தபால் சீட்டுதான்.

பணிக்காலம் முடிந்து டெல்லிக்கோ சென்னைக்கோ திரும்பியதும் சேவைத் தகுதியும் முடிகிறது. படை வீரருக்கு அது பணியோடு தொடரும். உங்களுக்கு வெளிநாட்டுப் பதவியோடு போய்விடும். கடைசிப் பாகத்திலிருந்து பெயரை நீக்கச் சொல்லித் தொடர்பு அதிகாரிக்கு எழுதி, புதிதாகக் குடியேறிய இடத்தில் படிவம் 6 கொடுங்கள். ஓராண்டில் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதி என நான்கு தகுதி நாட்கள் இருப்பது பதினெட்டு வயதை எட்டும் உங்கள் பிள்ளைகளுக்கு உதவும். அவர்களுக்கும் அப்போதே சேர்த்து விண்ணப்பித்துவிடலாம். ஊர் திரும்பாமல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கே மாற்றல் என்றால் தகுதி தொடர்கிறது. அலுவலக முகவரி, மின்னஞ்சல், கைபேசி எண் மூன்றையும் புதிய தூதரகத்தில் சேர்ந்த வாரமே மாற்றச் சொல்லுங்கள். அங்கே சான்றொப்பமிட நியமிக்கப்பட்டவர் யார், பை எந்த நாளில் புறப்படுகிறது என்பதையும் அதே வாரத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.